காப்புறுதியும் வாய்மையும்

ஒருவருக்கு நேரும் இழப்பைப் பலர் கூடித் தாங்கும் ஏற்பாட்டிற்கே காப்புறுதி என்று பெயர். மலேசியத் தோட்டங்களிலும் சிங்கப்பூரிலும் தமிழர் நடத்திவந்த மரண சகாய நிதிகளை அறியாத வாசகர் சிலரே இருப்பர். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகை கட்டுவர்; ஒருவர் வீட்டில் சாவு நேர்ந்தால் அப்பொதுப் பணத்திலிருந்து அக்குடும்பத்திற்கு உதவி செல்லும். பெரிய காப்புறுதிக் கம்பெனிகள் செய்வதும் அடிப்படையில் இதுவே. வேறுபாடு ஒன்றுதான். சகாய நிதியில் பணம் கட்டியவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்து அறிவர். கம்பெனியில் பணம் கட்டுவோர் அறியார்.

இந்த ஒரு வேறுபாட்டினால் மக்கள் மனப்பான்மையும் மாறிவிடுகிறது. சகாய நிதியில் பொய் சொல்லிப் பணம் பெற்றவனை ஊரார் திருடன் என்பர். கம்பெனியிடம் அவ்வாறு பெற்றவனையோ கெட்டிக்காரன் என்று சொல்லிச் சிரிப்பவரும் உண்டு. 'கம்பெனிப் பணந்தானே' என்பது அவர்கள் கூறும் சமாதானம். அப்பணம் பல்லாயிரவர் கட்டிய சந்தாப் பணம் என்பதையும், ஒருவன் பொய்யால் பெறுவதை மற்றையோர் பின்னர் உயர்ந்த சந்தாவாகக் கட்ட நேரும் என்பதையும் அவர்கள் எண்ணுவதில்லை.

காப்புறுதி மோசடியை மூவகையாகப் பிரிக்கலாம். பத்திரம் எடுக்கும்போதே உண்மையை மறைத்துப் பொய் கூறுவது முதல்வகை. இழப்பைத் தானே உண்டாக்கி, அது தற்செயலாக நேர்ந்தது எனக் காட்டுவது இரண்டாம் வகை. உண்மையில் நேர்ந்த சிறு இழப்பைப் பெரிதாக்கிக் காட்டுவது மூன்றாம் வகை. இம்மூன்றிலும் ஏமாற்றும் எண்ணம் இருத்தல் வேண்டும். அறியாமல் நேர்ந்த தவறு மோசடியாகாது.

இம்மூவகைக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. நடந்தது யாது என்பது பணம் கேட்பவனுக்குத் தெரியும். பணம் கொடுப்பவனுக்குத் தெரியாது. ஆகவே, இடையில் நின்று கண்டவர் ஒருவர் வாய் திறந்தாலன்றி உண்மை வெளிப்படுவது அரிது. காப்புறுதியின் வரலாறு முழுவதிலும் இதனைக் காணலாம். காப்புறுதி பெருவளர்ச்சி பெற்றது கடல் வாணிகத்தில். எனவே நான்கு கப்பல்களின் கதையையும், நமக்கு அண்மையிலிருந்த ஒரு கோட்டையின் கதையையும் ஈண்டு நோக்குவோம்.

கிரேக்கக் கப்பல்

பழங்கிரேக்கத்தில் இன்றைய வடிவிலான காப்புறுதி இல்லை. அதன் இடத்தில் கடற்கடன் என்னும் வழக்கம் இருந்தது. வணிகன் கப்பலையோ சரக்கையோ ஈடு காட்டிக் கடன் வாங்குவான். கப்பல் கரை சேர்ந்தால் முதலையும் மிகுந்த வட்டியையும் செலுத்த வேண்டும். கப்பல் மூழ்கினால் ஒன்றும் செலுத்த வேண்டுவதில்லை. மூழ்கும் இடரைக் கடன் கொடுத்தவனே ஏற்றுக்கொண்டான். அதற்கு ஈடாகவே உயர்ந்த வட்டி வாங்கினான். அவ்வட்டியின் ஒரு பகுதியை இக்காலச் சந்தாவுக்கு ஒப்பிடலாம்.

இவ்வேற்பாட்டில் கப்பல் மூழ்குவதே ஒருவனுக்கு இலாபமாக முடியக்கூடும். கி. மு. 4ஆம் நூற்றாண்டில் அவ்வாறே நடந்ததாக ஒரு வழக்கு கூறுகிறது. புகழ்பெற்ற நாவலர் டெமாஸ்தனீசின் உரைகளாக வழங்குவனவற்றுள், செனோதெமிஸ் என்பவனுக்கு எதிரான உரை ஒன்று உள்ளது. செனோதெமிசும் கப்பல் உரிமையாளன் ஹெகெஸ்திராத்தசும் சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரில் பலரிடம் கடன் வாங்கினர். கப்பலிலிருந்த தானியம் உண்மையில் வேறொருவருடையது. அதனைத் தங்கள் சரக்கென்று ஒருவனுக்கு மற்றவன் சாட்சி சொல்லியே கடன் பெற்றனர். வாங்கிய பணத்தைக் கப்பலில் ஏற்றாமல் மசாலியா என்னும் தங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டனர். இன்றைய மார்செய் நகரமே அது.

கப்பல் ஏதென்சை நோக்கிப் புறப்பட்டு இரண்டு மூன்று நாள் ஆயிற்று. ஓரிரவில் ஹெகெஸ்திராத்தஸ் அடித்தட்டிற்குச் சென்று கப்பலின் அடிப்பலகையை அறுக்கத் தொடங்கினான். செனோதெமிசோ ஒன்றும் அறியாதவன்போல் மேல்தட்டில் மற்றப் பயணிகளுடன் இருந்தான். கீழே எழுந்த ஓசையைப் பயணிகள் கேட்டனர். இறங்கிச் சென்று பார்த்தனர். கள்ளன் கையும் களவுமாக அகப்பட்டான். தப்பியோட எண்ணிக் கப்பலுடன் கட்டியிருந்த படகில் குதித்தவன், இருளில் தவறிக் கடலில் விழுந்து மாண்டான். பின்னர்ச் செனோதெமிஸ், கப்பலைக் கைவிட்டுப் படகேறுமாறு மாலுமிகளைத் தூண்டினான். தானியத்திற்கு உரியவர் பக்கத்தைச் சேர்ந்த ஒருவர் கப்பலில் இருந்தார். கப்பலைக் காப்பாற்றினால் பெரும் பரிசு உண்டென்று அவர் மாலுமிகளுக்கு வாக்களிக்கவே, அவர்கள் அரும்பாடுபட்டு அதனைக் கெபலேனியா தீவிற்குக் கொண்டு சேர்த்தனர்.

இவ்வுரை வழக்கின் ஒரு பக்கத்தார் கூற்றே என்பதை மறவாமல் படிக்க வேண்டும். ஆயினும் பிற்கால மோசடிகளின் உறுப்புகள் அனைத்தும் இதில் உள்ளன. பொய்ச் சாட்சி, வேறிடம் போன பணம், மூழ்க வேண்டிய கப்பல், இறக்க நேர்ந்தாலும் கவலையில்லை என்று கருதப்பட்ட மனிதர்கள் ஆகியவை அவை. சிராக்கூசில் கடன் கொடுத்தவர்கள் எத்துணை எச்சரிக்கையாக இருந்திருப்பினும் இதனைக் கண்டிருக்க முடியாது. இரவில் ஓர் ஓசையைக் கேட்டு, 'நமக்கென்ன' என்று படுத்திராமல் எழுந்து சென்று பார்த்தவர்களே இதனைக் கண்டனர்.

பென்கூலன் கோட்டை

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் நகரம் கடற்காப்புறுதியின் தலைமையிடம் ஆயிற்று. அங்கே ஒரு தீய வழக்கமும் பரவியது. தனக்குச் சிறிதும் உரிமையில்லாத கப்பலின்மீது ஒருவன் காப்புறுதி எடுக்கலாம். கப்பல் மூழ்கினால் பணம் பெறலாம். இது சூதாட்டமேயன்றி வேறில்லை. இத்தகைய பத்திரங்களால் பல கப்பல்கள் வஞ்சகமாக அழிக்கப்பட்டன என்று 1745ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் தன் முகவுரையிலேயே கூறி, அவ்வழக்கத்தைத் தடை செய்தது. 1774ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் ஆயுள் காப்புறுதிக்கும் இவ்விதியை நீட்டித்தது. அதற்குமுன், முன்பின் அறியாதவர் உயிர்மீதும் பத்திரம் எடுத்து, அவர் எப்போது சாவார் என்று காத்திருந்தவர்கள் இருந்தனர்.

சூதாட்டம் தடைப்பட்டது. எனினும், உண்மையான உரிமை உடையவன் எவ்வளவு உண்மை சொல்ல வேண்டும் என்னும் கேள்வி எஞ்சி நின்றது. அதற்கு விடை தந்த வழக்கு நம் பகுதியில் தோன்றியது. சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பென்கூலன், 1685 முதல் ஆங்கிலேயரின் மிளகு வாணிகத் தலமாக இருந்தது. சிங்கப்பூரில் பென்கூலன் தெரு என்னும் பெயர் அவ்வூரை இன்றும் நினைவூட்டுகிறது. 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த உடன்படிக்கையால் அவ்வூர் டச்சுக்காரர் வசமானபின், அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் சென்னை மாகாணத்தாரும் இருந்தனர்.

அங்கிருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் ஜார்ஜ் கார்ட்டர், ஐரோப்பியப் பகைவர் கோட்டையைப் பிடித்துவிட்டால் தமக்கு ஏற்படும் இழப்பிற்காக, தம் சகோதரர் வழியாக இலண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். கார்ட்டர் பணம் கேட்டார். காப்புறுதி செய்த போயம் என்பவர் மறுத்தார். 'கோட்டை வலிமையற்றது என்பதையும், பிரெஞ்சுக்காரர் தாக்கக்கூடும் என்று கருத இடமிருந்ததையும் கார்ட்டர் மறைத்துவிட்டார்' என்பது அவர் வாதம்.

1766இல் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்புரைத்தார். காப்புறுதி, ஊகத்தின் மேல் எழும் ஒப்பந்தம். ஊகத்திற்கு வேண்டிய செய்திகளோ பெரும்பாலும் காப்புறுதி எடுப்பவனிடம் மட்டுமே உள்ளன. ஆகையால் அவன் அவற்றை மறைத்தலாகாது என்னும் கோட்பாட்டை அவர் நிலைநாட்டினார். இதுவே பின்னாளில் உயர்நிலை நன்னம்பிக்கை எனப்பட்ட கடமைக்கு அடிப்படை. 1906ஆம் ஆண்டின் ஆங்கிலக் கடற்காப்புறுதிச் சட்டத்திலும் அஃது இடம்பெற்றது. அச்சட்டம் 1993ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழியாகச் சிங்கப்பூரின் சட்டமாகவும் நிலைபெற்றுள்ளது.

இவ்வழக்கின் முடிவு பலர் எதிர்பார்ப்பதற்கு மாறானது. வெற்றி பெற்றவர் கார்ட்டரே. மார்ல்பரோ கோட்டை எத்தகையது என்பதை இலண்டனில் இருப்பவரே அறியலாம்; போர்ச்சூழலும் உலகறிந்தது; அறிந்தும் சந்தாவைப் பெற்றுக்கொண்டு, இழப்பு வந்தபின் 'மறைத்தாய்' என்று சொல்லுதல் நேர்மையன்று என்றார் நீதிபதி. நன்னம்பிக்கை இருபாலார்க்கும் உரியது. மோசடி என்னும் சொல்லைச் சாக்காக வைத்து நேர்மையான கோரிக்கையைத் தட்டிக்கழிக்கும் கம்பெனிக்கும் இத்தீர்ப்பில் பாடம் உண்டு.

சோங் கப்பல்

பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அதே நீதிபதியின் முன் மற்றொரு காப்புறுதி வழக்கு வந்தது. கேட்டவர் உள்ளம் நடுங்கும் வழக்கு அது.

'சோர்க்' என்பது ஒரு டச்சு அடிமைக் கப்பலின் பெயர். டச்சு மொழியில் அச்சொல்லுக்குப் பராமரிப்பு என்பது பொருள். 1781இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். லிவர்ப்பூல் நகரத்து வணிகர் குழு ஒன்று அதனை விலைக்கு வாங்கியது. பெயரும் 'சோங்' எனத் திரிந்தது. அதன் தலைவன் லூக் காலிங்வுட், அதற்குமுன் கப்பல் மருத்துவனாக இருந்தவன். கப்பலை நடத்திப் பழக்கமில்லாதவன். 1781 ஆகஸ்டில் 442 ஆப்பிரிக்க அடிமைகளுடன் அக்கப்பல் ஆப்பிரிக்கக் கரையை விட்டுப் புறப்பட்டது. அதன் அளவிற்கு இத்தொகை மிக அதிகம். நோயால் பலர் இறந்தனர். நவம்பர் இறுதியில் ஜமேக்காத் தீவு கண்ணில் பட்டபோது, அதனை வேறு தீவென மயங்கிக் கப்பலைக் கடந்து செலுத்திவிட்டனர்.

இவ்விடத்தில் அக்காலக் காப்புறுதி விதியை அறிதல் வேண்டும். அடிமைகள் சரக்காகவே கருதப்பட்டனர். அடிமை நோயால் இறந்தால் இழப்பு உரிமையாளனுடையது. காப்புறுதிப் பணம் கிடையாது. கப்பலையும் மற்றவரையும் காக்கும் இன்றியமையாமையால் சரக்கின் ஒரு பகுதியைக் கடலில் எறிய நேர்ந்தால், அதற்குக் காப்புறுதியாளர் பணம் தர வேண்டும். நோயுற்றுச் சாகும் நிலையிலிருப்பவன் கப்பலில் இறந்தால் நட்டம். கடலில் எறியப்பட்டால் தலைக்கு 30 பவுன்.

குடிநீர் போதவில்லை என்று காரணம் காட்டி, நவம்பர் 29ஆம் நாள் எறிதல் தொடங்கிற்று. முதல் நாளில் பெண்களும் குழந்தைகளுமாக 54 பேர் எறியப்பட்டனர். அடுத்த நாட்களிலும் அது தொடர்ந்தது. எறியப்பட்டோர் தொகை ஆவணத்திற்கு ஆவணம் சிறிது வேறுபடினும், 130 அளவினது என்பதில் ஐயமில்லை. சிலர் எறிபவர் கைக்கு அகப்படாமல் தாமே கடலில் பாய்ந்தனர். இடையில் நல்ல மழை பெய்தது. ஆறு பீப்பாய் நீர் சேர்ந்தது. டிசம்பர் 22ஆம் நாள் கப்பல் ஜமேக்காவை அடைந்தபோது அடிமைகள் 208 பேரே எஞ்சியிருந்தனர்; குடிநீரோ 420 காலன் மீதமிருந்தது. காலிங்வுட் சில நாட்களில் இறந்தான். கப்பலின் நாட்குறிப்பேடு காணாமற் போயிற்று.

உரிமையாளர் காப்புறுதிப் பணம் கேட்டனர். காப்புறுதியாளர் மறுத்தனர். 1783 மார்ச்சு 6ஆம் நாள் இலண்டனில் வழக்கை விசாரித்த ஜூரிமார், உரிமையாளருக்கே சார்பாக முடிவு கூறினர். கொலை பற்றி அங்கே எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. சரக்கை எறிய இன்றியமையாமை இருந்ததா என்பதே கேள்வியாக இருந்தது.

பெயரில்லாக் கடிதம்

அவ்வளவில் கதை முடிந்திருக்கும். சோங் என்னும் பெயரும் மறைந்திருக்கும். ஆனால் அவ்விசாரணையைக் கேட்டிருந்த ஒருவர் வாளா இருக்கவில்லை. அவர் எழுதிய கடிதம் மார்ச்சு 18ஆம் நாள் இலண்டன் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்தது. அதில் அவர் பெயர் இல்லை. மறுநாள் ஒலாடா எக்கியானோ என்னும் ஆப்பிரிக்கர், அடிமை ஒழிப்பில் முன்னின்ற கிரான்வில் ஷார்ப்பின் வீட்டிற்குச் சென்று செய்தியைக் கூறினார். எக்கியானோ தாமே அடிமையாயிருந்து, விலை கொடுத்து விடுதலை பெற்றவர்.

ஷார்ப் அன்று முதல் ஓய்ந்திருக்கவில்லை. காப்புறுதியாளர் மறு விசாரணை கோரியதன்மேல் மே மாதம் 21, 22ஆம் நாட்களில் மான்ஸ்பீல்டு பிரபுவும் வேறிரு நீதிபதிகளும் வாதங்களைக் கேட்டனர். ஷார்ப் ஒரு சுருக்கெழுத்தரை அமர்த்திச் சொல்லுக்குச் சொல் எழுதுவித்தார். ஜூரிமாரின் முன், இவ்வழக்குக் குதிரைகளைக் கடலில் எறிந்ததற்கு ஒப்பாகவே கருதப்பட்டது என்று மான்ஸ்பீல்டு கூறியதை இன்று நாம் அறிவது அக்குறிப்பினால்தான். கப்பலின் முதல் துணையதிகாரி ஜேம்ஸ் கெல்சல், தாம் இத்திட்டத்தை முதலில் எதிர்த்ததாகப் பிரமாண வாக்குமூலம் அளித்தார். மழை பெய்தபின்னும் மனிதர் எறியப்பட்டனர் என்னும் செய்தி உரிமையாளரின் வாதத்தை உடைத்தது. மறு விசாரணைக்கு நீதிபதிகள் இசைந்தனர்.

அம்மறு விசாரணை நடந்ததற்குச் சான்றில்லை. கொலைக்குற்றம் சாட்டுமாறு ஷார்ப் கடற்படை ஆணையத்தாருக்கு எழுதியும் பயனில்லை. எனினும் செய்தி நாட்டில் பரவியது. 1787இல் அடிமை வாணிக ஒழிப்புச் சங்கம் இலண்டனில் தோன்றியபோது அதனை நிறுவியவருள் ஷார்ப்பும் ஒருவர். 1788ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கப்பலில் எத்தனை அடிமைகளை ஏற்றலாம் என்று வரையறுத்தது. அடிமைகளைக் கடலில் எறிந்ததற்குக் காப்புறுதிப் பணம் பெற முடியாது என்று அதனைத் தொடர்ந்த சட்டங்கள் விதித்தன. 1807இல் அடிமை வாணிகமே ஆங்கிலச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. இவை அனைத்தும் ஒரு கடிதத்தால் விளைந்தன என்பது மிகை. ஆனால் அக்கடிதமும், எக்கியானோவின் நடையும், ஷார்ப்பின் சுருக்கெழுத்தும் இல்லையாயின், சோங் லிவர்ப்பூல் வணிகரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவாகவே நின்றிருக்கும்.

ஒன்றை இங்கே மறைத்தலாகாது. பணம் தர மறுத்த காப்புறுதியாளரும் அறவோர் அல்லர். மனிதரைச் சரக்கென ஏற்றுச் சந்தா பெற்றவர்களே. தம் பணத்தைக் காக்கவே அவர்கள் வாதாடினர். ஆயினும், அவர்கள் கேள்வி கேட்டதனாலேயே மறைந்து கிடந்த கொலை வெளிவந்தது. காப்புறுதி மோசடியை ஆராய்வது வெறும் பணக்கணக்கு அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

லூக்கோனாவும் சேலமும்

இது பழங்கதை என்று எண்ணுவோர் இருபதாம் நூற்றாண்டை நோக்குக. 1977 ஜனவரி 23ஆம் நாள் 'லூக்கோனா' என்னும் சரக்குக் கப்பல் இந்தியப் பெருங்கடலில் மாலத்தீவுகளுக்கு அண்மையில் மூழ்கியது. கப்பலில் இருந்த பன்னிருவரில் அறுவர் மாண்டனர். யுரேனியத் தாதுவைப் பதப்படுத்தும் விலையுயர்ந்த இயந்திரங்கள் அதிலிருந்தன என்று கூறி, ஆஸ்திரியத் தொழிலதிபர் ஊடோ புரோக்ஷ் 21 கோடியே 20 லட்சம் ஷில்லிங் கேட்டார். காப்புறுதிக் கம்பெனி ஐயுற்றுப் பணம் தர மறுத்தது. அரசியலில் உயர்ந்த இடத்தார் சிலர் அவருக்கு நண்பராயிருந்தமையால் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1987இல் ஹான்ஸ் பிரெட்டர்எப்னர் என்னும் பத்திரிகையாளர் இச்செய்திகளைத் திரட்டி நூலாக வெளியிட்டார். நாடாளுமன்ற விசாரணை எழுந்தது. 1989இல் உள்துறை அமைச்சரும் நாடாளுமன்ற அவைத்தலைவரும் பதவி விலகினர். 1991இல் கடலடியில் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. வெடியால் மூழ்கியது உறுதியாயிற்று. புரோக்ஷ் 1992இல் ஆயுள் தண்டனை பெற்றார்.

லூக்கோனா மூழ்கிய மூன்றாம் ஆண்டில் 'சேலம்' என்னும் எண்ணெய்க் கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுக்கு அப்பால் மூழ்கியது. (நம் சேலம் நகருக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமையே அன்றி வேறு தொடர்பில்லை.) குவைத்தில் ஏறத்தாழ 2 லட்சம் டன் எண்ணெய் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவை நோக்கிப் புறப்பட்ட கப்பல் அது. வழியில் அவ்வெண்ணெயை ஷெல் கம்பெனி விலைக்கு வாங்கியிருந்தது. 1980 ஜனவரியில் கப்பலில் வெடி நேர்ந்ததாகக் கூறி மாலுமிகள் படகேறினர். அவர்களைக் காப்பாற்றியது 'பிரிட்டிஷ் டிரைடெண்ட்' என்னும் கப்பல். அதிலிருந்தோர் சில புதுமைகளைக் கண்டனர். உயிர் தப்பி ஓடிவந்தவர் கைகளில் ஒழுங்காகக் கட்டிய பெட்டிகள் இருந்தன; வழிக்கு உணவும் இருந்தது; கப்பலின் நாட்குறிப்பேடு மட்டும் இல்லை. அவ்வளவு எண்ணெயுடன் மூழ்கிய கப்பலைச் சுற்றிக் கடலில் எண்ணெய் பெரிதாகப் பரவவும் இல்லை.

ஆராய்ந்தபோது உண்மை வெளியாயிற்று. கப்பல் பெயரை 'லேமா' என்று மாற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் எண்ணெயின் பெரும்பகுதியை இறக்கிவிட்டிருந்தனர். நிறவெறி அரசுக்கு எண்ணெய் விற்க உலக நாடுகள் பல மறுத்திருந்த காலம் அது. வெறுங்கலங்களில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு சென்று, ஆழ்கடலில் கப்பலை மூழ்கடித்தனர். ஏறத்தாழ 5 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள சரக்கிற்கு ஷெல் காப்புறுதிப் பணம் கேட்டது. இழப்பின் பெரும்பகுதிக்குப் பத்திரத்தில் இடமில்லை என்று 1983இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்புரைத்தது. குற்றமற்றவரும் மோசடியின் சுமையை ஏற்க நேர்ந்தது.

1981இல் அனைத்துலக வாணிகக் கழகம், கடல்வழி மோசடிகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டவும் ஆராயவும் அனைத்துலகக் கடல் வாணிகச் செயலகத்தை நிறுவியது. கடற்கொள்ளை பற்றிய முறையீடுகளைப் பெறுவதற்காக அது 1992இல் தொடங்கிய நிலையம் அமைந்த இடம் நம் கோலாலம்பூரே. கண்டதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். சொன்னதைக் கேட்க ஆள் வேண்டும். இந்த அனுபவமே இத்தகைய நிலையங்களுக்கு அடிப்படை.

நாம் செய்ய வேண்டுவது

கப்பல்கள் இல்லாத நம் அன்றாட வாழ்விலும் இம்மோசடி உண்டு. வேண்டுமென்றே கார்களை மோதவிட்டு விபத்தென்பது, விபத்தின்போது காரில் இல்லாத ஒருவரைக் காயம்பட்டவராகச் சேர்ப்பது, பழுதுபார்க்கும் பட்டறையில் பழைய சேதத்தையும் புதுக் கணக்கில் ஏற்றுவது, நோயை மறைத்துப் பத்திரம் எடுப்பது ஆகியன நாம் கேள்விப்படுவன. சிங்கப்பூரில் 2008 முதல் நடைமுறையிலுள்ள ஏற்பாட்டின்படி, விபத்து எவ்வளவு சிறிதாயினும் 24 மணி நேரத்திற்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கம்பெனிக்கு அறிவித்தல் வேண்டும். மலேசியாவில் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், விபத்தை 24 மணி நேரத்திற்குள் போலீசுக்கு அறிவிக்கச் சொல்கிறது. நாள் கடந்தால் பொய் கட்ட நேரம் கிடைத்துவிடும் என்பதும் இவ்விதிகளின் கருத்துகளுள் ஒன்றாகும். ஏமாற்றிப் பொருள் பெறுதலை இருநாட்டுத் தண்டனைச் சட்டங்களும் 420ஆம் பிரிவில் குற்றமாக்குகின்றன. இரண்டும் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி எழுந்தவை. ஏமாற்றுக்காரனை 'நானூற்றிருபது' என்று நம்மவர் ஏசும் வழக்கு இதிலிருந்து வந்ததே.

மோசடி நடப்பதை அறிந்தவர் என்ன செய்தல் வேண்டும்? இதற்கும் மேற்கூறிய வரலாறே விடை தருகிறது. கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் கூறுக. எக்கியானோ ஷார்ப்பிடம் தாம் அறிந்த செய்தியைச் சொன்னார், ஆராய்ந்தவர் ஷார்ப். நாள், நேரம், இடம் ஆகியவற்றை உடனே எழுதி வைக்க. சோங், சேலம் இரண்டிலும் நாட்குறிப்பேடே முதலில் மறைந்தது. உரிய இடத்தில், அதாவது போலீசிடமோ காப்புறுதிக் கம்பெனியிடமோ சொல்க. ஊரெங்கும் பறைசாற்றினால் குற்றவாளி விழித்துக்கொள்வான், குற்றமற்றவன் பெயரும் கெடும். பெயரை வெளியிட அஞ்சினால் அஞ்சுவது இயல்பே. 1783இல் அக்கடிதம் எழுதியவரும் தம் பெயரை வெளியிடவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஐயம் வேறு, குற்றம் வேறு என்பதை மறவற்க. கார்ட்டர்மீது ஐயம் எழுப்பப்பட்டது. ஆராய்ந்தபோது அவர் பக்கமே நீதி நின்றது.

வகுப்பில் வாய்மையைப் பற்றிப் பாடம் நடத்தும் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொய் சொல்லாதிருத்தல் மட்டுமே வாய்மை என்று மாணவர் எண்ணிவிடுவது எளிது. பிறர் பொய்யால் பொதுப்பொருள் களவு போவதை அறிந்தும் வாளா இருத்தல் வாய்மையாகுமா என்னும் கேள்வியையும் அவர்கள்முன் வைத்தல் நலம். சோங் கப்பலில் பதினேழு மாலுமிகள் பயணம் செய்தனர் என்பதையும், செய்தி வெளிவரப் பதினைந்து திங்கள் ஆயிற்று என்பதையும் அவர்களிடம் சொன்னால், விடையை அவர்களே கண்டுகொள்வர்.